வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பழைய பல்லுப் பிறஷில் கறுப்பு டைக் குழம்பைத் தொட்டு அக்காவின் நெற்றியோரம் முதல் கோட்டை இழுத்தபோது மணி பத்து பத்து. பதினொன்றுக்கு ஷாமினி போன் எடுப்பாள். ஐம்பது நிமிடம் கிடக்கிறது. அதற்குள் இந்தத் தலை முழுவதும் பூசி முடித்துவிடலாம், பூசியது ஊறிக் காய்ந்தும் விடலாம், ஆனால் ஓம் என்பதா இல்லை என்பதா என்ற ஒரு சொல் மட்டும் செவ்வாய்க்கிழமையிலிருந்து கோமளத்தின் தொண்டையில் ஊறியும் ஊறாமல் கிடக்கிறது. "காதிலை படாமப் பூசடி," என்றாள் தவமணி அக்கா. கழுத்தைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்பு, பிளாஸ்ரிக் கதிரை, வெள்ளவத்தை மாடிவீட்டின் பின்பக்கத்துச் சின்னப் பல்கனி, கீழே தண்டவாளம், அதற்கப்பால் கடல். "நாளைக்கு அவர் பாக்கேக்கை காதுச்சோணை கறுத்துக் கிடந்தா என்னெண்டு நினைப்பார்?" அவர். எழுபத்தேழு வயதில் அந்தச் சொல்லை அக்கா பதினேழு வயதுக்காரிபோலத்தான் சொல்கிறாள், உதட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்து. ஐம்பத்திரண்டு வருடமாக இந்தச் சகோதரிகள் இருந்த எந்த வீட்டிலும் அவர் என்றால் ஒரே ஆள்தான். "ஆடாதேங்கோ அக்கா," என்றாள் கோமளம். கையில் கையுறைக்குப் பதிலாகக் கட்டியிருந்த சொப்பிங் பை ஒவ்வொரு அசைவுக்கும் சரசரவென்றது. குழம்பின் நெடி மூக்கில் ஏறியது. இந்த நெடிக்கு என்ன சொல் வரும் என்று மனம் தன்பாட்டில் தேடியது. சொல் தேடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. வாய் நாறுகிறது என்று தெரிந்தும் வெற்றிலை தேடுகிறவர்களைப்போல.

அவர் என்பது றொனி. இன்றைக்குள்ள பிள்ளைகளிடம் கேட்டால் ஆரது என்பார்கள். எழுபத்தொன்றாம் ஆண்டு திருகோணமலையிலிருந்து கிளம்பிய ‘லைற்ஹவுஸ் பிரதர்ஸ்’ என்ற பொப்பிசைக் குழுவின் பாட்டுக்காரன். குழுவில் ஐந்து பேர், ஒருவருக்கொருவர் சகோதரமில்லை, வெளிச்சவீட்டுப் பக்கம் ஒருவரும் போனதுமில்லை. எட்மண்ட் மெட்டுப் போட்டுக் கிற்றார் அடித்தான், றொனி இடுப்பை ஒடித்துப் பாடினான், மொத்தம் பதினொரு பாட்டு. பதினொன்றுக்கும் சொல் கொடுத்தவள் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு வயர்களைக் குத்திக் குத்திக் கழற்றிய கோமளம். எட்மண்டுக்குக் கொழும்பில் கிளாக்கர் வேலை. மெட்டு வந்ததும் திருகோணமலை எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு ட்ரங்க் கோல் பதிவான், மூன்று நிமிடம். அவன் மறுமுனையில் ம்ம் ம்ம் என்று முனகுவான், இவள் இந்த முனையில் பென்சிலால் மேசையில் தட்டி எண்ணுவாள். பாட்டும் மூன்று நிமிடம், கோலும் மூன்று நிமிடம். ஒரு சரணம் கூடிவிட்டால் "கோமளம், பில் ஏறுது, கடைசியை வெட்டும்," என்பான். அப்படித்தான் அவளுடைய பாட்டுகள் எல்லாம் கொழுப்பில்லாமல் வந்தன. அந்தக் காலத்தில் கிற்றார் பிடித்த பெடியன்களின் பாட்டை ஒரு பெட்டை எழுதுகிறாள் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள், சிரித்தாலும் பரவாயில்லை, அப்பா சிரித்திருக்க மாட்டார். அதனால் அவள் யாருக்கும் சொல்லவில்லை. விடுமுறைக்கு வரும்போது எட்மண்ட் இங்கிலீஷ் இசைத்தட்டுகள் கொண்டுவருவான். தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் பாடினவனின் பெயர் கொட்டை எழுத்தில், அதற்குக் கீழே கடுகு எழுத்தில் இன்னொரு பெயர், பார்த்தால் பெண்ணின் பெயர். "இதார்?" என்று கேட்டாள் ஒரு நாள். "உதெழுதின பெட்டை. நியூயோர்க்கிலை ஒரு கட்டடம் இருக்காம், கோழிக்கூடு மாதிரி அறையள், அறைக்கொரு பியானோ, அதுக்குள்ளை இருந்து பெட்டையள் எழுதித் தள்ளுகினமாம். இவள் தட்டிறது அடுத்த கூட்டுக்குக் கேக்குமாம்." எட்மண்ட் அதைச் சும்மாதான் சொன்னான். கோமளம் அதை ஒரு வருடம் மென்றாள். கோழிக்கூட்டுக்குள் ஒரு பெண், அவள் சொல்லைப் பாடிவிட்டுப் பெடியன்கள் காரில் ஏறிப் போகிறார்கள், ஆனால் கடுகளவு பெயர் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒரு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து தரம். அந்தக் கடுகு. தங்கள் தட்டு வந்தபோது அவள் எக்ஸ்சேஞ்சின் சீமெந்துப் படியில் நின்று வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். சொல், இசை, குரல்: றொனி. கடுகுக்கு இடம் இருந்தது. வெறும் இடமாக.

"பின்னுக்கு மறந்திடாதை, பிடரியிலை வெள்ளை நிக்குது," என்றாள் அக்கா. மறக்கவில்லை. மறப்பதென்றால் இதையா மறப்பது. எட்மண்ட் செத்து ஆறு வருடம். அவனுடைய மகள் ஷாமினி பாரிசிலிருந்து வந்து, தகப்பனின் பெட்டிக்குள் கிடந்த நாடாச் சுருள்களைத் துடைத்துப் புது இசைத்தட்டாகப் போடுகிறாள். ஒவ்வொரு தகரப் பெட்டியிலும் எட்மண்டின் குண்டுக் கையெழுத்தில் ‘சொல்: கோமளம், எக்ஸ்சேஞ்ச்’ என்று இருந்ததாம். செவ்வாய்க்கிழமை போனில் அந்தப் பிள்ளை அதை வாசித்தபோது கோமளம் சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, வாற வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டியிலை விழா. றொனி அங்கிள் மெல்பேணிலையிருந்து வந்து பாடுறார். கையிலை குடுக்கிற புத்தகம் வியாழன் பதினொண்டுக்கு அச்சுக்குப் போகுது. பதினொரு பாட்டுக்கும் உங்கட பேரைப் போடுறன். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, போதும்." "றொனி என்ன சொன்னவர்?" "தனக்கு ஞாபகமில்லையாம். போடுறதெண்டாப் போடட்டாம்." போடட்டாம். ஒரு சோற்றுப் பருக்கையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற மாதிரி. "யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை." "இதிலை என்ன அன்ரி யோசிக்கக் கிடக்கு?" பிள்ளைக்கு என்ன தெரியும். பதினொன்றில் பத்தை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நினைவிருப்பது ஒன்றே ஒன்று. அது இந்தப் பிளாஸ்ரிக் கதிரையில் கண்ணை மூடி இருக்கிறது, நாளைக்கென்று தலைக்கு மை பூசிக்கொண்டு.

தவமணி தவமணி தாழ்ப்பாளைத் திறவன், தாகமாக் கிடக்குது தண்ணி கொஞ்சம் தாவன். இவ்வளவுதான் பாட்டு. சரணங்கள் இருக்கின்றன, ஆனால் ஒருவருக்கும் சரணம் தேவைப்படவில்லை. ஊர் முழுக்க இந்த இரண்டு வரியும் கொழும்பு பஸ்ஸிலேறிப் போய் இரவல் சைக்கிளில் திரும்பி வந்தது. த-வ-ம-ணி, நாலும் குறில், பொங்கோ மேளத்தில் நாலு அடி, விரல் நுனியால் தட்டினால் கதவு தட்டுகிற சத்தம். அது பாட்டுக்காக எழுதிய வரியே இல்லை, முட்டு. மெட்டு வந்து சொல் வராத நேரத்தில் அது சரிந்துபோகாமல் இருக்க ஏதாவதொன்றைப் பிடித்து இடையில் நிறுத்துவார்கள், கொங்கிறீற் காயும்வரை கீழே தடி நிறுத்துகிற மாதிரி. அதற்கு எட்மண்ட் வைத்த பெயர்தான் முட்டுச்சொல். சொல் வந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். கோமளத்தின் முட்டுச்சொல் எப்போதும் மீன்தான். பாரை பாரை சூரை, கீரி கீரி சாளை. எட்மண்ட் கோல் எடுத்ததும் முதலில் கேட்பதே "இண்டைக்கு என்ன மீன்?" என்றுதான். அந்த ஒரு நாள் மட்டும் அவள், "இண்டைக்கு மீனில்லை," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? இரண்டு நாள் முன்னம் அறைக்குள் பூட்டிக் கிடந்தவளுக்கு மீன் எங்கிருந்து வரும்?

திருகோணமலை வீட்டில் அவளுடைய அறை முந்தி நெல்லு மூடை வைத்த அறை. அதனால் தாழ்ப்பாள் வெளிப்பக்கத்தில் இருந்தது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், ஒரு ஆசாரியும் வரவில்லை. அன்றைக்குப் பங்கு மண்டபத்தில் பெடியன்கள் ஒத்திகை, தன் சொல் ஒலிபெருக்கியில் எப்படிக் கேட்கும் என்று முதல்முதலாகக் கேட்கப் போகிறாள். நீலச் சேலை உடுத்து, குடையை எடுக்கத் திரும்பினாள், கதவு சாத்துப்பட்டது. சடக். "அக்கா! எடியே தவமணி, விளையாடாதை!" "பெடியங்களோடை கூத்தடிக்கப் போறியோ? வாற மாசம் என்னைப் பாக்க வருகினம். ஊரிலை ஒரு கதை வந்துதோ, என்ர கலியாணம் நிண்டுபோம். கிட உள்ளை." அப்பாவிடம் போய், அவளுக்குத் தலையிடி, படுத்திருக்கிறாள் என்றாளாம். காலை பத்திலிருந்து பின்னேரம் நாலு மணிவரை. யன்னல் இல்லாத அறை, ஓட்டு இடுக்கால் ஊசிபோல ஒரு வெளிச்சம், கூரைச் சூடு. பன்னிரண்டு மணிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. "அக்கா, தண்ணி தாவன். தண்ணி கொஞ்சம் தாவன்." அடுக்களையில் உரல் சத்தம் கேட்டது, இவள் கூப்பிடக் கூப்பிட உலக்கை உரத்தது. அப்போது அந்த நியூயோர்க் கோழிக்கூடு நினைவுக்கு வந்தது. பியானோ இல்லை, கதவு இருக்கிறது. விரல் நுனியால் கதவில் தட்டினாள். த-வ-ம-ணி. த-வ-ம-ணி. அழுதுகொண்டுதான் தட்டினாள், ஆனால் மூன்றாம் தடவைக்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது, ஏனென்றால் அது சரியாக விழுந்தது. ஒரு சொல் சரியாக விழுகிறபோது மனிதருக்குள் ஏதோ ஒரு வெட்கங்கெட்ட சந்தோசம் வரும், தாயின் செத்தவீட்டிலும் வரும், அது வந்தது. அன்றைக்கு அவள் தண்ணீரைக்கூட மறந்தாள்.

தண்டவாளத்தில் ரெயின் போனது. பல்கனிக் கம்பி அதிர்ந்தது. அக்கா கண்ணைத் திறந்து, "காங்கேசந்துறையோ?" என்றாள். "இல்லை, பாணந்துறைக் கோச்சி." அக்கா மறுபடி கண்ணை மூடினாள். முகத்தோல் தொங்கிப்போனாலும் மூக்கு அப்படியே நிற்கிறது, அந்த மூக்கைப் பார்த்துத்தான் வவுனியாக்காரர் பிடித்திருக்கிறது என்றார்கள். பெண்பார்த்துப் போய் மூன்றாம் கிழமை வானொலியில் பாட்டு வந்தது. தவமணியின் அறைக்குள் எவனோ ஒருவன் பூட்டிக் கிடந்து தண்ணி கேட்கிறான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? பஸ்ஸில் கொண்டக்டர், "தவமணி வீட்டடி இறங்கிறாக்கள் இறங்கலாம், உள்ளை இருக்கிறவருக்கும் ஒரு ரிக்கற் போடட்டோ?" என்றான். அக்கா படிப்பித்த பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே பெரிய வகுப்புப் பெடியன்கள் தகரத்தில் தட்டினார்கள், நாலு நாலு அடியாக. வவுனியாவிலிருந்து ஒரு போஸ்ற்காட் வந்தது, நாலே வரி. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள். அப்பா கதைப்பதை விட்டார். மூத்தவள் இருக்க இளையவளைக் கேட்டு எவர் வருவார், கோமளத்தின் தலையிலும் அதே மண்தான். அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் அவள் வாயில் அக்காவுக்கு நீங்கள் என்று வரத் தொடங்கியது. அதுவரை நீ, வா, போ. ஊரார், தங்கச்சிக்கு இப்ப நல்ல மரியாதை வந்திட்டுது என்றார்கள். மரியாதையாம்.

அத்தோடு முடிந்திருந்தால் ஒரு நாளைக்கு அக்காவின் காலைப் பிடித்து நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அடித்திருப்பாள், ஒரு வருடம் கதைக்காமல் இருந்திருப்பாள், பிறகு இருவரும் ஒரே சட்டியில் சோறு தின்றிருப்பார்கள். ஆனால் அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், போஸ்ற்காட் வந்து ஆறு மாதம் இருக்கும், அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு நின்றவள் தன்பாட்டில் சிரித்தாள். "உனக்குத் தெரியுமோ கோமளம், அந்தப் பாட்டுக்காரன் என்னைக் கண்டிருக்கிறான். கோயில் கொடியேத்தத்திலை. நான் பச்சைச் சேலை. திரும்பித் திரும்பிப் பாத்தவன். கண்டபடியாத்தானே பேரை வைச்சுப் பாடியிருக்கிறான். உள்ளை கிடக்கிறன் எண்டு சொல்லுறான், என்ர மனசுக்குள்ளையாம், விசரன்." கோமளம் துணிகளை வாங்கி மடித்தாள். வேறென்ன செய்வது. அவமானம் தின்ற இடத்தில் அக்கா அந்த ஒன்றை நட்டுவிட்டாள், அது முளைத்துவிட்டது. பிறகு வந்த இரண்டு சம்பந்தத்தையும் அவளே வேண்டாமென்றாள். எண்பத்து மூன்றில் வீடு எரிந்தபோதும், கொழும்புக்கு வந்து அப்பா செத்தபோதும், கோமளம் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெற்றபோதும் அது வளர்ந்துகொண்டே இருந்தது. போன கிழமை ஷாமினி அனுப்பிய வீடியோவில் றொனி, மொட்டைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக, மெல்பேணில் ஒரு பூந்தோட்டத்தில் இருந்து சொல்கிறான்: "அந்தப் பாட்டு, ஒரு நாள் கடற்கரையிலை நடந்து போகேக்கை தன்ர பாட்டிலை வந்தது." யார் அந்தத் தவமணி என்று கேட்கிறார்கள். "அது சொல்லப்படாது," என்று ஒரு சிரிப்பு. பொய்யன், சொல்ல ஒன்றும் இல்லாதவன் சிரிக்கிற சிரிப்பு. அக்கா அந்தச் சிரிப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள், விரலால் பின்னுக்கு இழுத்து இழுத்து.

பிடரியும் முடிந்தது. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் குழம்பு, அதைச் சுரண்டி வகிட்டில் பூசினாள். மணி பத்து நாற்பது. இனி ஊற வேண்டும். அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்து, "காகம் மாதிரி இருக்கிறன்," என்றாள். "காய்ஞ்சாச் சரியாகும்." "நீ பூசேல்லையோ?" "எனக்கேன்?" "அதுதானே, உன்னை ஆர் பாக்கப்போகினம்." சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள், குத்துவதற்கில்லை, அப்படித்தான் அவள் வாய். கோமளத்துக்கு ஒரு கணம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல வந்தது, இந்தக் கிண்ணத்தோடு சேர்த்து, தலையில். அந்தப் பாட்டு நான். நீ என்னைப் பூட்டினாய், நான் உன்னைப் பாடினேன். உன்னை அவனும் பார்க்கவில்லை, எவனும் பார்க்கவில்லை. ஆனால் மனம் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு முள்ளில் மாட்டும், சேலை மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும். அது பிழையாக நடந்தது அல்லவா? சொல் எழுதி முடியவில்லை, பெடியன்கள் அவசரத்தில் முட்டுச்சொல்லோடேயே பதிந்துவிட்டார்கள். முதல் பத்து வருடம் அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். பிறகு, இல்லை, சொல் எழுதியிருந்தது, லைன் சரியில்லை, ஒரே இரைச்சல், சொல்லச் சொல்லக் கோல் வெட்டுப்பட்டுவிட்டது. அதை இருபது வருடம் நினைத்திருந்தாள். இரைச்சல். எந்த இரைச்சல்? வெட்டுப்பட்டது என்றால் வெட்டியது யார்?

கைப்பை. கறுப்புக் கைப்பை, கொழுக்கி பழுதான கைப்பை. அதற்குள் நாலாக மடித்த தாள், அதில் வெண்மணலும் அலையும் ஒரு தோணியும், ஒழுங்கான எட்டு வரி, எவருடைய பெயரும் இல்லாத வரிகள். பாட்டுப் பதிவு நாளன்று காலை எட்மண்ட் எடுத்தான், பக்கத்து அறையில் இருந்து கதைக்கிற மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது லைன். "கோமளம், உந்தத் தவமணியைக் கழட்டுறதோ விடுறதோ? வேறை சொல் வைச்சிருக்கிறீரோ? றொனி ஆர் உந்தத் தவமணி எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறான்." "சும்மா ஒரு பேர்." "ஒருத்தருக்கும் கரைச்சல் வராதே?" அவளுடைய வலது கை கைப்பைக்குள் தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாளின் மடிப்பு விரலில் தட்டுப்பட்டது, இப்போதும் தட்டுப்படுகிறது. வவுனியாக்காரர் பெண்பார்த்துப் போய் அன்றைக்குப் பத்தாம் நாள். தெரியும். எல்லாம் தெரியும். "கழட்டாதேயும். அப்பிடியே இருக்கட்டும்," என்றாள். சொல்லிவிட்டு இடது கையால் வயரை இழுத்தாள், அவளேதான், மூன்று நிமிடம் ஆகவில்லை, இரண்டுகூட ஆகவில்லை. அவன் திருப்பிக் கேட்டுவிடுவான் என்ற பயத்தில். கோபத்தில் செய்தாள் என்றால் இன்றைக்கு மன்னிப்புக் கேட்க ஒரு வழியிருக்கும். கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது, அக்கா அடுத்த நாளே தேங்காய்ப்பூ போட்டுப் பிட்டு அவித்துத் தந்தாள். கோபமில்லை. அந்த எட்டு வரியை விட இந்த இரண்டு வரி நல்லாயிருந்தது. அவ்வளவுதான். நல்லாயிருந்தது. ஒரு உயிருள்ள மனிசியை விடவும் நல்லாயிருந்தது. அந்தக் கோழிக்கூட்டுப் பெண்களில் எவளாவது இப்படிச் செய்திருப்பாளோ? செய்திருப்பாள், அவளுக்காவது கடுகு கிடைத்தது.

போன் அடித்தது. பதினொன்று. கை முழுக்கக் கறுப்பு, சொப்பிங் பையை உரிக்க முடியவில்லை, "நான் எடுக்கட்டோ?" என்று அக்கா எழும்பப் பார்த்தாள். "இருங்கோ, விரிப்பு விழப்போகுது!" பல்லால் பையைக் கிழித்து எடுத்தாள். "அன்ரி, அச்சுக்காரர் பக்கத்திலை நிக்கிறார். ஓமோ?" ஷாமினியின் குரலில் எட்மண்டின் அவசரம். இண்டைக்கு என்ன மீன், என்று கேட்கிற மாதிரி இருந்தது. கோமளம் அக்காவைப் பார்த்தாள். கறுப்புக் குழம்பு பூசிய சின்னத் தலை, அதற்குள் பச்சைச் சேலை, கொடியேற்றம், திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஒரு பெடியன். ஓம் என்றால் அந்தப் பெடியன் இல்லை. ஓம் என்றால் இடித்த உரலும் உலக்கையும் மட்டும்தான் மிச்சம். இல்லை என்றால் கடுகு இல்லை, செத்தாலும் இல்லை. "பிள்ளை, பத்துப் பாட்டு நான் எழுதினது. பத்துக்கும் என்ர பேரைப் போடும். அந்தத் தவமணிப் பாட்டு... அது நானில்லை. அது றொனிதான்." "அன்ரி, டப்பாவிலை அப்பா உங்கட பேரைத்தானே எழுதியிருக்கிறார்?" "அப்பா பிழையா எழுதிப்போட்டார்." ஒரு நாளும் பிழையாக எழுதாத மனிசன். மண்ணுக்குள் இருந்து அவன் "உம்மட வாயைக் கழுவும்," என்று சொல்வதுபோல இருந்தது. "உண்மையாவோ?" "உண்மையாத்தான். வையும் பிள்ளை, தலை காயுது." இந்த முறையும் அவளுடைய விரல்தான் வெட்டியது.

அக்கா திரும்பி இருந்தாள். விரிப்பு தோளிலிருந்து சரிந்துவிட்டது. "பாட்டோ? நீயோ?" "ஓம்." "பத்தும்?" "ஓம்." "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை." "நீங்கள் கேக்கேல்லை." அக்காவுக்குக் கோபம் வரப்போகிறது என்று கோமளம் நினைத்தாள், வரட்டும் என்றுகூட நினைத்தாள். ஆனால் அந்த முகத்தில் மெல்ல மெல்ல வேறொன்று ஏறியது, விடிகிற மாதிரி. "அப்ப என்ர பாட்டை மட்டும் அவர் தன்ர கையாலை எழுதியிருக்கிறார்." கோமளம் சரிந்த விரிப்பை எடுத்து அவள் தோளில் போட்டாள். "பாத்தியோ? மற்றதுகளுக்கு நீ காணும். எனக்கெண்டு வரேக்கை தானே இருந்து எழுதியிருக்கிறார். எனக்கு அப்பவே தெரியுமடி. கோவிக்காதை, உன்ர பத்தும் வடிவுதான், ஆனா ஒண்டிலையும் உயிரில்லை. நிலவு, அலை, தோணி, அதுகளை ஆரும் எழுதலாம். இதைப் பார், ஒரு சீவன் உள்ளை கிடந்து கேக்கிறது அப்பிடியே கேக்குது. தண்ணி கொஞ்சம் தாவன் எண்டேக்கை எனக்கு இண்டைக்கும் நெஞ்சடைக்கும். அனுபவிக்காதவையாலை அப்பிடி எழுதேலாது." ஐம்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பாட்டைப்பற்றி யாரும் சொல்லாத சொல். பத்திரிகையில் எழுதவில்லை, வானொலியில் சொல்லவில்லை, எட்மண்ட்கூடச் சொல்லவில்லை. அதைச் சொல்ல இவள்தான் வர வேண்டியிருந்தது, அதுவும் இவளிடம் ஓம், நன்றி என்று சொல்ல முடியாமல். கோமளத்தின் வாயில் குழம்பின் கசப்பு, பையைக் கடித்தபோது பட்டிருக்க வேண்டும். "வாங்கோ, கழுவுவம்," என்றாள்.

குளியலறையில் அக்கா முக்காலியில் குந்தி, தலையை வாளிக்கு மேலே தொங்கப்போட்டாள். கோமளம் கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றினாள். கறுப்புத் தண்ணீர் பிடரி வழியாக இறங்கி, காதைச் சுற்றி, மூக்கு நுனியில் சொட்டியது. அக்காவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பாட்டு வந்த நாளிலிருந்து ஒரு தரமும் வாய்விட்டுப் பாடாதவள், தலைகீழாக, தண்ணீருக்கு நடுவே பாடத் தொடங்கினாள். "தவமணி தவமணி கதவைத் திறவன்..." கோமளத்தின் கை நின்றது. கதவை. மெல்பேணில் அவன் இப்போது அப்படித்தான் பாடுகிறான், அங்குள்ள பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் விளங்காதாம், வீடியோவில் வந்தது, அக்கா ஒரு கிழமையாக அதையே கேட்டிருக்கிறாள். கதவை என்றால் இரண்டாவது தவமணிக்குப் பிறகு ஒரு பள்ளம் விழுகிறது, பொங்கோ தடுக்கி விழுகிறது. விடு. பாட்டைக் கொடுத்துவிட்டாய், சொல்லையும் கொடு. "...கதவைத் திறவன், தாகமாக் கிடக்குது..." விடு கோமளம், வாயை மூடு, ஊற்று.

"தாழ்ப்பாளை," என்றாள் கோமளம்.

"என்ன?"

"தாழ்ப்பாளைத் திறவன். கதவில்லை."

"அவர் கதவெண்டுதானே பாடுறார்."

"அவர் மறந்துபோனார். தாழ்ப்பாள்தான்."

அக்கா வாளியின் விளிம்பைப் பிடித்தாள். இவ்வளவு காலமும் அந்தச் சொல்லைக் கேட்டபோது அவளுக்குச் சந்தேகப்பட ஒரு காரணமும் இருக்கவில்லை, பாட்டெழுதுகிற ஒருத்தி தன் வீட்டுக்குள் இருக்கிறாள் என்று தெரியாது. இப்போது தெரியும். தெரிந்து கால் மணித்தியாலம் ஆகிறது. கோமளத்தின் உள்ளங்கைக்குக் கீழே அந்த மெல்லிய பிடரி கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டு வந்தது.

"எந்தத் தாழ்ப்பாளடி?" என்றாள் தவமணி அக்கா, மெதுவாக.

கோமளம் கோப்பையை நிரப்பினாள். பாதி வெளியே சிந்தியது. "கண்ணை மூடுங்கோ அக்கா," என்றாள், "டை உள்ளை போகும்."

அக்கா கண்ணை மூடவில்லை.